பெரட்டில் இல்லாத பெயர்

அஞ்சரை மணிப் பெரட்டில்
நாற்பத்திரண்டாம் எண்ணைக் கூப்பிடுவேன்:
"பாக்கியவதி."
"இருக்கேன்" என்பாள் குமுதா.

பாக்கியவதி அவள் நாத்தனார்.
இரண்டு வருடமாக ஈப்போவில்
பிஸ்கட் டின்னுக்கு மூடி போடுகிறாள்.
இங்கே அவள் பெயர் மட்டும்
மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு
முப்பத்தாறாம் நிரைக்குப் போகும்.

குமுதாவின் ஐ.சி. சிவப்பு.
தோட்டம் கைமாறிய வாரத்தில் பிறந்தவள்.
பழைய கிராணி பெட்டி கட்டிவிட்டார்,
புதியவர் வந்து சேரவில்லை,
பிறப்பை எழுத ஒரு கை இல்லை.
சிவப்பு ஐ.சி.க்கு இங்கே வேலை கிடையாது என்றார் மேனேஜர்.
வேறு பெயரில் போடு என்றார் மண்டோர்.
பேனா என்னுடையது.
என் கையெழுத்து அழகு என்று ஆடிட்டரே சொல்லியிருக்கிறார்.

ஐந்தாம் மாதம் அவள்
புருஷனின் சட்டையைப் போட ஆரம்பித்தாள்.
ஏழாம் மாதம் டாங்கி வார்
இடுப்பில் பூட்டவில்லை;
துண்டை முடிந்து கட்டிக்கொண்டாள்.
பார்த்தேன்.
நாற்பத்திமூன்றைக் கூப்பிட்டேன்.

புதன்கிழமை மழையில்
மிஸ்ஸி நோர்மலா மோட்டாரில் வந்தாள்.
பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கிளினிக் புத்தகம்,
அதன் மூலையில் சிவப்பு ஒட்டி.
"குமுதவல்லி த/பெ சுப்பையா.
மூன்று தவணை வரவில்லை.
இந்தத் தோட்டம்தானே?"

செக்ரோலைத் திறந்தேன்.
நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள்.
அப்படி ஒருத்தி இல்லை என்று சொல்லலாம்,
கணக்குப்படி அது பொய்யும் இல்லை.

அவள் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.
முதல் தடவை போனபோது
வெளிநாட்டார் கட்டணம் என்று ரசீது போட்டார்கள்.
ஐந்து நாள் சம்பளம்.
அதை நாலாய் மடித்து
என்னிடம் காட்டினாள், கேட்கவில்லை,
காட்டினாள் அவ்வளவுதான்.

மிஸ்ஸி முக்காட்டின் நுனியால்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள்.
"ரத்தம் ஏழு புள்ளி ஆறு.
போன வருஷம் இதே ஏழு புள்ளி ஆறோடு
ஒருத்தியை லாரியில் ஏற்றினேன்.
தாப்பா வரைக்கும் வரவில்லை.
எனக்குப் பெயர் வேண்டாம், கிராணி.
ஆள் வேண்டும்."

ஒரு சிவப்பு, இவளை உள்ளே விடாதே என்கிறது.
இன்னொரு சிவப்பு, இவளை விட்டுவிடாதே என்கிறது.
நடுவில் நான்
பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருடமாக இந்த ஆபீசில் இருக்கிறேன்.
முப்பத்தாறாம் நிரை எங்கே என்று
மிஸ்ஸியின் பின்னால் உட்கார்ந்த பிறகுதான்
யோசித்தேன்.
செம்மண் சேற்றில் இரண்டு தடவை சறுக்கினோம்.
என் சேலை நாசம்.
மருந்து நாற்றம் முதலில் வந்தது,
பிறகு நீல டாங்கி,
பிறகு செம்பனை அடியில்
சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்திருந்தவள்.
உதடு வெளுத்திருந்தது.
காலையில் இருட்டில் அது தெரிவதில்லை.

"குமுதவல்லி!" என்று கத்தினேன்.

மட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.
யார், எதற்கு என்றுகூட யோசிக்காமல்
பழக்க தோஷத்தில் சொன்னாள்:
"இருக்கேன்."

தெலுக் இந்தானில் இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள்.
பெண் குழந்தை, இரண்டு புள்ளி மூன்று கிலோ.
எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது,
அதில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.
அவளுக்கு வேலை போனது.
பீடோரில் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறாள்,
அங்கே செக்ரோல் கிடையாது.

மூன்றாம் மாதம் கிளினிக்கில் பார்த்தேன்.
இனி கொஞ்ச காலம் வேண்டாம் என்று
முடிவு செய்திருந்தாள். மாமியாரிடம் சொல்லவில்லை.
கைக்குள் தீக்குச்சி நீளத்துக்கு ஒன்று வைப்பார்களாம்,
மூன்று வருடம் தாங்குமாம்.
பாரத்தை என் பக்கம் தள்ளினாள்.
"நீங்களே எழுதுங்க கிராணி, உங்க கையெழுத்து அழகு."
பிறகு குனிந்து, மெதுவாக:
"யார் பேர் போடப்போறீங்க?"