இரண்டு தட்டுகள்

இடக்காலுக்குச் சின்னத் தட்டு,
வலக்காலுக்குப் பெரியது.
சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்களாம்.
உமியோவில் நவம்பர்; மூன்று மணிக்கே இருட்டு.
தபால் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து
பெல்ட்டை மாட்டுகிறேன்.

இதில் தூக்க எதுவும் இல்லை.
உதைத்தால் நாடா அவிழும், சக்கரம் சுழலும்.
நாடா தீர்ந்த இடத்தில்
கொடுத்ததைத் திருப்பிக்கொண்டு வரும்.
"உடனே வாங்காதே, இங்கேலா,
கடைசிச் சாணில் மொத்தமாக வாங்கு"
என்பான் ரூனே.
அவன் வாங்கியதில்லை.

சின்னத் தட்டு வெடுக்கென்று இழுக்கும்,
கயிற்றில் கட்டிய நாய்க்குட்டி.
பெரியதற்கு அவசரமே கிடையாது;
நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது
தொடையைப் பிடித்து மடக்கும்.

முதல் வாரம் படிகளைப்
பின்பக்கமாகத்தான் இறங்கினேன்.
எட்டாம் வாரம் ஜெல் தடவி அளந்தார்கள்.
இரண்டு தொடையும் தடித்திருந்தன.
இதற்கும் அதற்கும்
நகக்கனம்கூட வித்தியாசமில்லை.
மறுபடி அளந்தான் ரூனே,
திரையைத் துடைத்துவிட்டு மறுபடி.

மறுநாள் காலை, ஆற்றோரச் சரிவில்,
கையில் யாருக்கோ வந்த பார்சல்,
காலடியில் கண்ணாடிப் பனி.
சறுக்கினேன். விழவில்லை.

எந்தக் கால் பிடித்தது?
திரும்பிப் பார்த்தேன்.
பனியில் ஒரே ஒரு கீறல்,
கோணலாக,
நான் நிற்கும் இடம்வரை.