கறுப்புக் கோலி ஒன்று

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில்
பதினேழரை சென்ட். ஓட்டுக்கூரை.
ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே.
பேரூராட்சிச் சொத்துப் பதிவேட்டில் இதற்கு
'பயன்பாடு' என்ற கட்டம் மட்டும்
எழுபது வருடமாகக் காலி.
அதை நிரப்பத்தான் என்னை அனுப்பினார்கள்.

ஊரில் கேட்டால் ஒரே பெயர்: தலைவெட்டிக் கோவில்.
உள்ளே போகிறவன் தலையை வெட்டி
மந்திரம் போட்டு ஒட்டி அனுப்புவார்களாம்.
"அதுக்கப்பொறம் அவிய நம்மளப் பாத்துச் சிரிக்கமாட்டாவ"
என்றாள் சாயாக்கடை புஷ்பபாய்.
அவள் பார்த்ததில்லை. அவள் மாமியாரும் பார்த்ததில்லை.

ஆதாரம் மலையாளத்தில் இருந்தது.
கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றேழு.
ரப்பர் தோட்டத்துத் துரைகள் ஒன்பது பேர்,
ஒரு வக்கீல், ஒரு டாக்டர், மரக்கடை ஐசக் தரகன்.
எல்லோரும் 'சகோதரன்' என்றே கையெழுத்திட்டிருந்தார்கள்.

கூட்டம் முடியும்வரை வாசலில்
உருவிய வாளோடு ஒருவன் நிற்க வேண்டும்,
அது அவர்கள் சட்டம்.
மாதம் நாலு ரூபாய்க்கு நேசையன் நின்றான்
முப்பத்தொரு வருடம்
கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
வாள் துருப்பிடிக்காமலிருக்கச்
சக்கை வெட்டுவான். பிசின்
இப்போதும் பிடியில் கறுத்துக் கிடக்கிறது.
அது வெட்டிய தலைகள் அவ்வளவுதான்.

துரைகள் கப்பலேறினார்கள். டாக்டர் செத்துப்போனார்.
ஜில்லா இந்தப் பக்கம் வருவதற்கு மூன்று வருடம் முன்னால்
ஒரு ஆடி மழையில்
கடைசி நடவடிக்கைக் குறிப்பு:
வந்தது நாலு பேர்.
ஐந்து பேர் இல்லாமல் விளக்கேற்றக் கூடாது.
வெளியே நிற்கிறவனைச் சேர்த்தால் என்ன
என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.
கோலிப் பெட்டி சுற்றி வந்தது.
வெள்ளை மூன்று.
கறுப்பு ஒன்று.

நாலு பேரும் ஒரே ரோட்டில், ஒரே மழையில்
வீடு போயிருக்க வேண்டும்,
யார் போட்டது என்று கேட்டுக்கொள்ளாமல்.

நேசையன்தான் கதவைப் பூட்டினான்.
உள்ளே தன்மேல் ஓட்டு நடந்தது
அவனுக்குத் தெரியுமா, குறிப்பில் இல்லை.
அதன்பிறகு பன்னிரண்டு வருடத்து வரி ரசீதுகள்
அவன் பெயரில் இருக்கின்றன.
எதற்குக் கட்டினான் என்று எனக்குப் பிடிபடவேயில்லை.

ஒக்கியில் முப்பது குடும்பம் இங்கே படுத்தது.
பிள்ளைகள் கறுப்பும் வெள்ளையுமான தரையில்
கோடு கிழிக்காமலே பாண்டி ஆடினார்களாம்.
இப்போது யாரோ ரப்பர் ஷீட் காயப்போட்டிருக்கிறார்கள்.
நாற்றம் குடலைப் புரட்டுகிறது.

பெட்டி அலமாரியில் இருந்தது. கையை விட்டேன்.
எல்லாம் ஒரே கனம், ஒரே குளிர்ச்சி.
வெளியே எடுத்தால்தான் நிறம்.

கட்டத்தில் 'ரப்பர் ஷீட்' என்று எழுதிவிட்டு
சாயா குடிக்கப் போனேன்.
டம்ளரை வைத்த புஷ்பபாய்
என் கழுத்தையே
பார்த்துக்கொண்டு நின்றாள்.