மானி வாசிப்பாளர்

கொக்குவிலில் ஒரு ரியூசன் வகுப்புக்கு மேல்மாடி.
மூன்று கதிரை, இரண்டு கணினி,
ஒன்றே முக்கால் வருடம்.
நாங்கள் செய்த விளையாட்டில் ஒரே ஒரு வீடு.
துவக்கு இல்லை. புள்ளி இல்லை.
சாகவும் முடியாது.
நடக்கலாம், லாச்சி திறக்கலாம்,
ஒரு கோப்பையைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து
எடுத்த இடத்திலேயே வைக்கலாம்.

முதலில் சோதித்தவன் நிரோஜனின் தம்பி.
நாலு நிமிடம்.
"எங்க சுடுறது?"
"சுடுறேல்லை."
"அப்ப ஆர் துரத்துறது?"
"ஒருத்தரும் இல்லை."
ஏமாற்றிக் காசு வாங்கியவர்களைப் பார்ப்பதுபோல
எங்களைப் பார்த்துவிட்டு எழும்பினான்.

அடுத்தது வக்சலா, வங்கியில் வேலை.
பதினெட்டுக் கடிதங்களையும் வாசித்தாள்.
வடிவாயிருக்கு என்றாள்.
அந்தச் சொல்லை வைத்து ஒரு பிழையையும் திருத்த முடியாது.

மரியசீலன் சோதிக்க வரவில்லை.
மின்சார சபை. கீழே மானி பார்த்துவிட்டுத்
தண்ணி கேட்டு மேலே ஏறியவர்.
திரையில் படலை, அதற்கப்பால் முற்றம்.
"இது எந்த ஒழுங்கை?"
"எங்கையும் இல்லை அண்ணை, நாங்கள் கீறினது.
இருந்து பாருங்கோவன்."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.
படலை மட்டும் நடந்தார்.
நின்றார்.
திறக்க ஒரு விசை போதும், காட்டியும் கொடுத்திருந்தோம்.
அவர் அமத்தவில்லை.
ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும்.
நான் வாய் திறக்க, நிரோஜன் என் காலை மிதித்தான்.
மரியசீலன் மெல்லச் செருமினார்,
பிறகு திரையைப் பார்த்து, உரத்து:
"வீட்டுக்காரர்! நாய் கட்டியிருக்கோ?"

நாங்கள் அந்த வீட்டில் நாய் வைக்கவில்லை.
வைக்கவில்லை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே போனார். லாச்சியைத் திறந்தார்,
கடிதத்தைக் கண்டார், உடனே மூடினார்.
"மற்ற ஆக்களின்ர கடுதாசி."
எங்கள் கதை முழுதும் அதற்குள்தான் இருந்தது.
அறை அறையாய்ச் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.
"ரெண்டு பேர் இருந்த வீடு.
இந்த அறை ஆளுக்கு நித்திரை வாறேல்லை."
எப்பிடி அண்ணை?
"சுவிச்சடியைப் பாருங்கோ, என்ன ஊத்தை!"
அது கபிலாஷ் அழிக்க மறந்த கறை.

பிறகு விறாந்தையில் அண்ணாந்தபடி நின்றார்.
"ஃபேன் சுத்துது."
ஓம், என்றோம், பெருமையாக.
அந்தச் சத்தத்தைப் பதிய எனக்கு மூன்று இரவு எடுத்தது.
"மானி எங்க?"

ஒருவரும் பேசவில்லை.

"ஆளில்லாத வீட்டில ஃபேன் சுத்துதெண்டால்
ஆரோ ஒராள் மாசாமாசம் காசு கட்டுது.
அது ஆர்?"

தண்ணியைக் குடித்தார், போய்விட்டார்.
கீழே வாய்ப்பாடு சொல்லும் சத்தம்.
கபிலாஷ் திரையை அணைத்தான், திரும்பப் போட்டான்.

அன்றிரவு பதினொரு கடிதங்களை அழித்தோம்.
எழுதியவள் நான். வலிக்காமல் இல்லை.
பின்சுவரில் ஒரு மானி வைத்தோம்,
கண்ணாடிக்குள் மெல்லச் சுழலும் தட்டு,
அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு
போய்
மறைந்து
வரும்.
ஆர் கட்டுவது என்று மட்டும்
எங்களுக்கு இன்னும் தெரியாது.

அடுத்த மாதம் அவரே வந்தார்.
இம்முறை தண்ணி கேட்கவில்லை.
படலையில் கூப்பிட்டார், காத்து நின்றார், உள்ளே போனார்,
நேரே பின்பக்கம்.
சிவப்புக் கோடு மூன்று சுற்று வரும்வரை பார்த்தார்.
சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து
உள்ளங்கையில் இலக்கத்தை எழுதினார்.
எழுதிய கையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்,
எந்தக் கணக்கில் ஏற்றுவதென்று போல.

வெளியே வந்தவர் திரும்பி நின்றார்.
விசைப்பலகையில் ஒவ்வொன்றாய் அமத்திப் பார்த்தார்.
"என்ன தேடுறியள் அண்ணை?"
"படலையைச் சாத்த வேணும், தங்கச்சி.
மாடு பூந்திடும்."