எட்டு எழுத்து

ஸ்வினெசுண்ட் எல்லைச்சாவடி. அதிகாலை மூணே முக்கால்.

பழைய நிரலை யாரும் தொடுவதில்லை.
எழுதியவர் ஓய்வுபெற்று
மீன்பிடிக்கப் போய்விட்டார்.
பக்கவாட்டில் ஒட்டவைப்பதே என் பிழைப்பு:
போன மாதம் எடைச்சீட்டுக்கு,
இன்றிரவு மேகக்கணினியிலிருந்து
சுங்கக் குறியீட்டுக்கு.

தூருன் பொத்தானை அழுத்துகிறாள்.
வட்டம் சுழல்கிறது,
சுழல்கிறது.
வெளியே பதினெட்டு டன் சால்மன்.
லாரியின் அடியில் பனிநீர் சொட்டுகிறது.

ஜிகிமாந்தஸ் கண்ணாடியைத் தட்டுகிறான்:
"புதுசு பழசிடம் என்னதான் கேட்கிறது?"
"உன் பெயரை.
பழசுக்கு எட்டு எழுத்துக்கு மேல் ஆகாது."

கடைசி இரண்டை வெட்டினாள்.
தடுப்புக் கம்பம் எழுந்தது.

பாலத்தின் நடுவே ஸ்வீடன் தொடங்குமிடத்தில்
ஹாரன் அடித்தான்,
நீளமாக ஒன்று,
பிறகு
குட்டியாக இரண்டு.