எடை

"நீ எத்தனை கிலோ?" என்றான் ரெட்டோ,
இறக்கை நிழலில், முழங்காலில் தாளை வைத்து.
எழுபத்தெட்டு என்றேன்.
கலியாணத்தன்று அது உண்மை.

பீல் நகருக்கு வெளியே புல் ஓடுபாதை.
இரவு மழை, காலையிலேயே புழுக்கம்.
அவன் கூட்டினான், கோடிட்டான், தலையாட்டினான்.
லொசானில் இருக்கும் தங்கைக்கென்று
மடியில் இரண்டு போத்தல் ஊறுகாய்.
அதையும் நான் சொல்லவில்லை.

புல் எங்களை விடவில்லை.
சக்கரம் ஒருமுறை எழும்பி,
யோசித்து,
திரும்ப உட்கார்ந்தது.
வேலி வந்தது. வேலி போனது.
பீட்கிழங்கு வயலில் மூக்கைக் குத்தி
பெல்ட்டில் தொங்கினோம், இருவரும் முழுசாய்.
புரொப்பெல்லர் மட்டும் வாழைப்பழமாய் வளைந்து.

மஞ்சள் மேலங்கிக்காரர் வந்து கேட்டார்.
"ஈரப்புல்," என்றான் ரெட்டோ. "கணக்கு என் பிழை."
தாளை நீட்டினான்.
என் பெயருக்குப் பக்கத்தில்
அவனுடைய நேர்த்தியான கையெழுத்தில் 78.

உடைந்த போத்தலின் எண்ணெய்
தொடைவழியே சப்பாத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
தொண்ணூற்றொன்று என்றேன்,
தமிழில்.
யாரும் திரும்பவில்லை.

பிறகு ஜெர்மனில்.
அந்த மொழியில்
முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும்,
தொண்ணூறு அப்புறம்தான் வரும்.