இடைவெளி இருப்பின்

போட்டோக்கொப்பிக் கடைப் பெடியன்
விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்து
"மகளுக்கோ அன்ரி?" என்றான்.
ஓமென்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
கஸ்தூரியார் வீதி முழுக்க
சைக்கிளை உருட்டிக்கொண்டு யோசித்தேன்.
மகள் பேராதனையில் பல்லுக்குப் படிக்கிறாள்.
அவளுக்கு எதற்கு எம்.பி.ஏ.?

பிறந்த திகதிக்கு எட்டுப் பெட்டி.
எட்டையும் நிரப்பினால்
கீழே 'வயது' என்று இன்னொன்று.
கழிக்கத் தெரியாதவர்களா
முகாமைத்துவம் படிப்பிக்கிறார்கள்?
ஐம்பத்தொன்று. சின்னதாக எழுதினேன்.

யசிந்தா சவரிமுத்து.
கணக்காளர், ஐஸ் கொம்பனி, குருநகர்.
வெளிவாரிப் பட்டம், நாற்பத்திரண்டில்,
மூன்றாம் தடவை.
(எத்தனையாம் தடவை என்று அவர்கள் கேட்கவில்லை.
பழக்கதோஷம், உள்ளதை எழுதிவிட்டேன்.)

என்னை மேற்பார்வை செய்தவர் கடிதம் தரவேண்டுமாம்.
பெரிய முதலாளி கொஞ்சேஞ்சி சேமக்காலையில்.
சின்னவர் மார்க்கத்தில் இருந்து
கமெராவில் மேற்பார்வை செய்கிறார்.
'நேர்மையானவர், நேரத்துக்கு வருபவர்' என்று
இரண்டு வரி அனுப்பினார்,
இரவுக் காவலாளிக்கும் அதையே எழுதியிருப்பார்.
பிறகு நானே எழுதி அனுப்ப
கையெழுத்து வைத்தார்.
என்னைப் புகழ எனக்கு
ஒரு முழு இரவு பிடித்தது.

பயிற்சிப் புத்தகத்தில் ஒரு புகையிரதம்
'அ' நகரிலிருந்து காலை ஆறுக்குப் புறப்படுகிறது.
'ஆ' நகரை எப்போது அடையும்?
எனக்குப் பதினேழில் நின்ற ரெயின்
நாற்பத்தொன்றில் வந்து சேர்ந்தது.
கொடுத்திருந்த நாலு விடையிலும்
அது இல்லை.

"முடிச்சாச் சம்பளம் கூடுமோ?"
எஞ்சினைக் கழற்றிப் போட்டபடி அந்தோனி கேட்டார்.
தெரியாது.
"அப்ப என்னத்துக்கு?"
பத்தொன்பதாம் நம்பர் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.
அதைத்தான் அடுத்ததாகக் கேட்டிருப்பார்.

கட்டுரை:
'போதிய தகவலின்றி எடுத்த முடிவொன்றை விபரிக்குக.'
இடம்பெயர்ந்து திரும்பிய வருடம்
கடன் பேரேட்டைத் திறந்தேன்.
மண்ணெண்ணெய் கிடைத்த நாளில் மட்டும்
ஜெனரேற்றர் ஓடிய காலத்தில்
ஐஸ் எடுத்துக் கடலுக்குப் போனவர்கள்.
சிலர் வந்து கட்டினார்கள்.
சிலருடைய மனைவிமார் வந்து கட்டினார்கள்.
ஏழு பெயருக்கு எவரும் வரவில்லை.
'அறவிடமுடியாக் கடன்' என்று ஒரு கோடு கீறினால்
ஐந்தொகை சமப்படும்.
கோடு கீற
எனக்கு என்ன தெரியும் அவர்களைப் பற்றி?
அன்றிலிருந்து ஒவ்வொரு பங்குனி முடிவிலும்
மீதி கீழ்க்கொண்டுவரப்படுகிறது.
மூன்று கணக்காய்வாளர் மாறிவிட்டார்கள்.

கடைசிப் பக்கம்:
'தொழில் அனுபவத்தில் இடைவெளி இருப்பின்
நூறு சொற்களுக்குள் விளக்குக.'
தொண்ணூற்றைந்து ஐப்பசி தொடக்கம் எட்டு மாதம்.
மூன்று தாள் கிழித்தேன்.
நாலாவதில்
'ஐஸ் போடவில்லை' என்று எழுதி
ரெஜிஸ்டர் தபாலில் சேர்த்தேன்.

நேர்முகத்தில் மூன்று பேர்.
நடுவில் இருந்தவருக்கு முப்பத்தைந்து இராது.
"பத்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?"
"அறுபத்தொன்றில்" என்றேன்.
சிரித்தார்கள். நானும்.
பிறகு அவர் கட்டுரையைத் தட்டி,
"ஏன் இன்னும் பதிவழிக்கவில்லை?
வரியில் மிச்சம் பிடித்திருக்கலாமே."
மெத்தச் சரியான கேள்வி.
"தொகை சிறிது, சேர்" என்றேன்,
"கொம்பனி தாங்கும்."

அவர் ஏதோ எழுதினார்.
மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து
தலைகீழாக இலக்கம் வாசிப்பேன்,
முப்பது வருடப் பழக்கம்.
இது எழுத்து.
எட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை.