ஒன்பது கிளவுஸ்

நோட்டீஸில் ஆறு அணி.
வருவது இரண்டு.
மற்ற நான்கும் டியூஷனில் இருக்கின்றன.
கிளவுஸ் மொத்தம் ஒன்பது,
அதில் ஒன்றுக்குச் சுண்டுவிரல் பிரிந்திருக்கும்.
அதுதான் எனக்கு.
எனக்கும் அவளுக்கும்.

மாமாங்கத்தில் ஞாயிறு காலை ஏழு மணிக்கே
மைதானம் வெள்ளையாய் எரியத் தொடங்கிவிடும்.
வெள்ளைக்கல் லாரிகள் இறைத்துவிட்டுப் போன தூசி.
அதன்மேல் சுண்ணாம்புக் கோடு போட்டால்
யாருக்குத் தெரியும்?
செங்கல் பொடி தூவி இழுப்பார் பர்னபாஸ் சார்.
பேஸ் எல்லாம் ஜவ்வரிசிச் சாக்கு,
உள்ளே மண்.
சறுக்கி விழுந்தால்
முட்டியில் மில் பெயர் பதியும்.

பந்து மஞ்சள்,
ஒரு நல்ல மல்கோவா அளவு.
கிரிக்கெட் ஆட இடம் கிடைக்காத அண்ணன்கள்
மதில்மேல் உட்கார்ந்து
"ஸ்டம்ப் எங்கம்மா?" என்பார்கள்.
அம்பயர் "ஸ்ட்ரைக்" என்று கத்தும்போதெல்லாம்
சைக்கிளில் சாய்ந்து நிற்கிற அப்பா சிரிப்பார்.
அவருக்குத் தெரிந்த ஸ்ட்ரைக் நாற்பத்தொரு நாள்.
மூன்று தேவைப்படவில்லை,
ஒன்றிலேயே அவுட்.

ஒரு பாதி முடிந்ததும்
கிளவுஸைக் கழற்றி
நின்ற இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.
அவர்கள் வந்து எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.
இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில்
நான் வைப்பதை எடுப்பவள்
செவ்வாய்ப்பேட்டையின் ஷார்ட்ஸ்டாப்,
சட்டையில் பதினொன்று,
ஸ்கோர் நோட்டில் சுகுணவல்லி.
ஒரு வார்த்தை பேசியதில்லை.

கையைத் தெரியும்.
உள்ளே விரல் விட்டால் முதலில் ஈரம்,
அப்புறம் சூடு,
அப்புறம் நகக்கண்ணில் ஏறும் சாம்பல் பொடி.
கொலுசுப் பட்டறைப் பொடி.
பள்ளி விட்டுப் போய் என்ன செய்கிறாள் என்று
கட்டைவிரல் குழி சொல்லிவிடும்.
ஒரு வாரம் மருதாணி வாசம்.
ஒரு வாரம் பிளாஸ்திரித் துண்டு,
ரத்தம் காய்ந்து.
என் பங்குக்கு வெள்ளைத் தூசி
அவள் வீடுவரை போயிருக்கும்,
இடைவேளையில் தின்ற தட்டுவடை செட்டின்
காரச் சட்னியும்.

ஆடி, மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு,
ஐந்தாவது இன்னிங்ஸ்.
மாட்டி இரண்டு மூச்சுகூட ஆகவில்லை,
அவள்தான் முதல் பேட்டர்.
மட்டையில் பட்ட சத்தம் கேட்டது.
பந்து தெரியவில்லை.
கை தானாகப் போனது.
என் கைதானா அது,
அவள் வியர்வை இன்னும் காயாத தோலுக்குள்?
பிரிந்த சுண்டுவிரல் வழியாக
மஞ்சள் எட்டிப் பார்த்தது.
அவுட்.

ஓடிவந்தவள் பாதியில் நின்றாள்.
என்னைப் பார்க்கவில்லை.
கிளவுஸைப் பார்த்தாள்,
தான் சோறு போட்ட நாய்
அடுத்த தெருக்காரியிடம் வாலாட்டுவதைப்
பார்க்கிற மாதிரி.

அடுத்த வாரம் அது என்னிடம் திரும்பியபோது
பிரிந்த இடத்தில் கம்பி ஓடியிருந்தது.
மணி கோர்க்கிற மெல்லிய கம்பி.
மூன்று தையல்.
ஆடிக்கொண்டே எப்போது தைத்தாள்?
எங்கள் ஆள் அடித்த இரண்டு பந்து
அவள் காலுக்கடியில் போனது
அப்போதாய் இருக்கும்.

ஆவணியில் யாரோ ஒரு புண்ணியவான்,
ஆளுக்கொன்றாய்ப் பதினெட்டு.
பிளாஸ்டிக் உறையோடு கையில் பிடிக்கச் சொல்லிப்
படம் எடுத்தார்கள்.
கைதட்டினோம். சந்தோஷம்தான்,
பொய் சொல்லவில்லை.
விரல் விட்டேன்.
கடை வாசம்.
இன்னும் யாரும் குடிவராத வீடு மாதிரி
உள்ளே ஜில்லென்று.

முதல் பாதி முடிந்தது.
பழக்க தோஷம்,
கழற்றி மண்ணில் வைத்துவிட்டு நடந்துவிட்டேன்.
"உன்னோடதும்மா அது, எடுத்துட்டு வா!"
பர்னபாஸ் சார் கத்துகிறார்.
திரும்பினேன்.

பதினொன்று
தன் புதுசைச் சாக்கின்மேல் போட்டுவிட்டு
குந்தி உட்கார்ந்து
என்னுடையதற்குள் கை விட்டுக்கொண்டிருந்தாள்,
ஒவ்வொரு விரலாக,
வளையல் அளவு பார்ப்பவள் மாதிரி.